பத்தாய அறையில் ஐந்து ஸ்பீக்கர்கள்

2018 நவம்பர் 16ஆம் தேதி, நள்ளிரவு தாண்டிக் கஜா புயல் கரையேறியபோது ஒரத்தநாட்டுப் பக்கம் சாய்ந்த தென்னைகளைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். எங்கள் வீட்டில் தோப்போடு சேர்த்துப் பத்தாய அறையின் கூரையும் போனது. நாட்டு ஓடு அத்தனையும் சரிந்து, கைமரம் முறிந்து, விடிந்தபோது அறைக்குள் நின்று வானத்தைப் பார்த்தோம். பத்தாயத்தை அதற்கு முன்பே பிரித்து விற்றாயிற்று. களத்திலிருந்தே நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகத் தொடங்கிய பிறகு, வீட்டில் கொட்டிவைக்க மரப்பெட்டி எதற்கு? மிஞ்சியிருந்தது நாலைந்து பலகைகள் மட்டும்.

மறு வருஷம் கூரையைத் திரும்ப வேய்ந்தபோது அப்பாவிடம் கேட்டேன்: "அந்த ரூமை எனக்குக் குடுத்துடுங்கப்பா. பாட்டு மிக்ஸ் பண்ண வச்சிக்கிறேன்."

"எடுத்துக்க. அறுப்பு நேரத்துல நாலு மூட்டை அடுக்கணும்னா மட்டும் பின்பக்கம் எடம் விட்டுடு" என்றார்.

சாலிகிராமத்தில் ஒரு மிக்ஸிங் தியேட்டரில் உதவியாளனாகச் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தேன். சினிமா மிக்ஸிங் அறைகளில் நாம் போவதற்கு முன்பே ஸ்பீக்கர்கள் சுவருக்குள் உட்கார்ந்திருக்கும். அவற்றை யார் அங்கே வைத்தார்கள், ஏன் அந்த இடம் என்று கேட்க நேரம் இருக்காது. எங்கள் வீட்டு அறையில் எதுவும் முடிவாகியிருக்கவில்லை. 18 அடி நீளம், 12 அடி அகலம். சரிந்த கூரை. சுண்ணாம்புப் பூச்சு. வலப்பக்கச் சுவரில் தாழ்வாரத்துக்குத் திறக்கும் கதவு, பின்னால் கொல்லையைப் பார்த்த ஒரு ஜன்னல். வெறும் அறைக்குள் நின்று கை தட்டினால் சத்தம் நாலு சுவரிலும் மோதிக் கிணுகிணுவென்று திரும்பும்.

எனக்கு வேண்டியது 5.1. முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, அடிச்சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர். திரையரங்குகளுக்கு இது 1992இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு டால்பி டிஜிட்டலாக வந்தது. இசை கேட்கும் அறைகளுக்கு எந்த ஸ்பீக்கர் எந்தக் கோணத்தில் நிற்கவேண்டும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பி.எஸ்.775 என்ற பரிந்துரையை வெளியிட்டதும் அதே வருஷம்தான். சிவாஜி படம் 2012இல் முப்பரிமாணத்தில் மறுபடி வந்தபோது டால்பி அட்மாஸ் கேட்டு, தலைக்கு மேலேயும் ஸ்பீக்கர் வேண்டும் என்று ஆசைப்பட்டவன்தான் நான். ஆனாலும் ஓட்டுக்கூரைக்குக் கீழே முதலில் ஐந்தை ஒழுங்காக நிறுத்துவோம் என்று தோன்றியது. இன்றைக்கும் அந்த முடிவு சரியென்றே நினைக்கிறேன்.

எங்கள் தெருவில் மைக் செட் வைத்திருந்த அண்ணன் ஒருவர் உண்டு. திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் குழாய் கட்டுவார். பள்ளிக்கூட நாட்களில் அவருக்கு ஒயர் சுற்றிக் கொடுத்துத்தான் எனக்கு இந்தத் தொழிலில் ஆசை வந்தது. அறையில் சாமான் இறங்கிய அன்று வந்து, பெட்டிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, ஆளு எங்க குந்தப் போறான்னு மொதல்ல பாரு. அப்பறம் கொழாவக் கட்டு. கொழாவக் கட்டிட்டு ஆளத் தேடாத."

தெருவின் இரண்டு கோடியிலும் குழாய் கட்டி, ஒன்றையொன்று பார்த்தமாதிரி திருப்பி வைத்தால் பேச்சு புரியாது என்பது அவருக்குத் தெரியும். ஒரே கம்பத்தில் எல்லாக் குழாயையும் கட்டி, வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பிவிடுவார். எங்கள் ஊர்ச் சூட்டில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடும். 100 மீட்டர் தள்ளியிருக்கும் குழாயிலிருந்து வரும் சொல், பக்கத்துக் குழாயின் சொல்லுக்குப் பின்னால் கால் நொடிக்கு மேல் தாமதமாக வந்து விழுந்தால் இரண்டும் குழம்பும். இரண்டு இடத்திலிருந்து ஒரே ஒலி சில மில்லி செகண்ட் வித்தியாசத்தில் வந்தால், முதலில் வந்த பக்கத்தையே காது நம்பும் என்று ஹெல்முட் ஹாஸ் ஜெர்மனியில் 1949இல் ஆய்வு செய்து எழுதினார். அண்ணன் ஹாஸைப் படித்தவரல்ல. தென்னைமரத்தில் ஏறி இறங்கிக் கற்றவர்.

அதனால் நாற்காலியிலிருந்து தொடங்கினேன். அறையின் சரிபாதியில், 9 அடியில் உட்காரக் கூடாது. நீளவாக்கில் நின்று அதிரும் முதல் அலை நடுவில் ஏறக்குறையச் செத்துப்போகும். அங்கே உட்கார்ந்து மிக்ஸ் செய்பவன் பேஸ் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவான், வெளியே கேட்பவர்களுக்கு அது இடிக்கும். பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் நேர்மாறு. முன்சுவரிலிருந்து நீளத்தில் 38 விழுக்காடு என்பது தொழிலில் பழகிய கணக்கு. எங்கள் அறைக்கு அது 6 அடி 10 அங்குலம். தரையில் அந்த இடத்தில் ஓர் ஆணியை அடித்தேன்.

மீதியைச் செய்தது கூரை வேலைக்கு வந்திருந்த கொத்தனார். கோணமானியைத் தேடிக்கொண்டிருந்த என்னிடம், "நூல் இருக்கா?" என்றார். ஆணியில் 5 அடி நூலைக் கட்டி, மறுமுனையில் சாக்பீஸை வைத்து வட்டம் போட்டார். காது இருக்கும் இடம் வட்டத்தின் நடு. ஐந்து ஸ்பீக்கரும் வட்டத்தின் மேல் நிற்கவேண்டும். எல்லாமே காதிலிருந்து சம தூரம் என்பதுதான் பரிந்துரையின் முதல் பாடம். நேர் முன்னால் நடு ஸ்பீக்கருக்கு ஒரு கோடு. அங்கிருந்து இரண்டு பக்கமும் 2 அடி 7 அங்குலம் தள்ளி வட்டத்தைத் தொட்டால் இடது, வலது ஸ்பீக்கர்கள் 30 பாகையில் விழும். அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரமும் 5 அடி. ஆக இரண்டு ஸ்பீக்கரும் காதும் சேர்ந்து சமபக்க முக்கோணம்.

பின் ஸ்பீக்கர்களுக்கு நிற்கவேண்டிய இடம் 100 முதல் 120 பாகைக்குள். கொத்தனார் அதே 5 அடி நூலை நடுக்கோட்டிலிருந்து வட்டத்தின் மேல் ஒரு எட்டு வைத்தார், 60. இன்னொரு எட்டு, 120. ஆறு எட்டில் வட்டம் முடியும் என்பது கோலம் போடுகிறவர்களுக்கும் கொத்தனார்களுக்கும் தெரிந்த கணக்கு. 120இலிருந்து வட்டத்தின் மேலேயே பத்தரை அங்குலம் முன்னால் நகர்த்தினால் 110. அங்கே இரண்டு பக்கமும் பெருக்கல் குறி போட்டோம். ஸ்டாண்டுகளை ஆசாரி செய்து கொடுத்தார். விற்காமல் மிஞ்சிய பத்தாயப் பலகைகளில்தான். உள்ளே கூடு விட்டு மணல் நிரப்பினோம். உட்கார்ந்தால் காது தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி உயரத்தில் இருக்கும், ஸ்பீக்கரின் உச்சத்தொனி வரும் சின்ன வட்டமும் அந்த உயரத்தில் வருமாறு பலகையை அறுத்தார். ரசமட்டம் வைத்து ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

வலது பின் ஸ்பீக்கர் நிற்கவேண்டிய இடத்தில் தாழ்வாரக் கதவு திறந்தது. கதவை அடைக்க முடியாது, அம்மா அந்த வழியாகத்தான் கொல்லைக்குப் போவார். வீட்டு ஸ்டுடியோ வைத்திருக்கும் பலரும் இந்த இடத்தில்தான் ஸ்பீக்கரைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். கோணத்தை விடக் கூடாது, தூரத்தை விடலாம். அதே 110 பாகைக் கோட்டில் ஒன்றரை அடி உள்ளே இழுத்து நிறுத்தினேன். கிட்டே வந்துவிட்டதால் அதன் ஒலி 1.3 மில்லி செகண்ட் முந்திக்கொண்டு வரும், சற்று உரக்கவும் கேட்கும். இன்டர்ஃபேஸில் அந்த அளவு தாமதம் கொடுத்து, சத்தத்தையும் குறைத்துச் சரிக்கட்டினேன். காதுக்கு அது மற்ற நான்கோடும் ஒரே வட்டத்தில் நிற்கிறது.

பின் ஸ்பீக்கர்கள் எதற்கு என்பதைச் சொல்லாமல் இதையெல்லாம் சொல்லிப் பயனில்லை.

நகரத்தில் ஒரு கடையில், பின்சுவரின் இரண்டு மூலையிலும் கூரையோரமாக அவற்றை அடித்துவிடச் சொன்னார்கள். படம் பார்க்க அப்படித்தான் செய்கிறோம் என்றார்கள். மூலையில் மாட்டினால் இரண்டு சுவரும் கூரையும் சேர்ந்து அடிச்சத்தத்தைப் பெருக்கும். அதைவிட முக்கியமாக, ஒலி முதுகுக்குப் பின்னால் போய்விடும். வாகனத்துக்கு முன்னால் போகும் நாயனம் நம்மைக் கடந்து போவதை இடப்பக்க முன் ஸ்பீக்கரிலிருந்து இடப்பக்கப் பின் ஸ்பீக்கருக்கு நகர்த்திப் பாருங்கள். காதுக்கு நேர் பக்கத்தில் ஓர் ஓட்டை விழும். முன்னால் கேட்டுக்கொண்டிருந்தது சட்டென்று பின்னால் தாவும். இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே இல்லாத ஒலியை இருப்பதுபோல் நினைத்துக்கொள்ளும் காதின் திறமை முகத்துக்கு நேரே நன்றாக வேலை செய்கிறது, பக்கவாட்டில் தடுமாறுகிறது. 110இல் வைத்தாலும் தடுமாற்றம் முழுக்கப் போகாது. ஆனால் மேளம் நடந்து போவதாகக் காது ஒப்புக்கொள்ளும்.

எங்கள் ஊரில் சரபோஜி மன்னர் காலத்து முக்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. சிறு வயதில் அதன் தூண் வரிசைகளுக்கிடையே நின்று கத்திப் பார்க்காத ஒரத்தநாட்டுப் பையன் கிடையாது. கத்துகிற வாய் முன்னால் இருக்கும், கூடத்தின் பதில் பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் வரும். பின்னால் வருவது இன்னொரு ஆள் அல்ல, அந்த இடம். இசையில் சரவுண்ட் என்பதை நான் அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். பின் ஸ்பீக்கரில் கிட்டாரும் கைத்தட்டலும் சுற்றிச் சுற்றி ஓடும் மிக்ஸ்கள் நிறைய வருகின்றன. கேட்கிறவன் இரண்டு தடவை திரும்பிப் பார்ப்பான், மூன்றாம் தடவை பாட்டை நிறுத்துவான். அந்த இரண்டு ஸ்பீக்கரையும் அணைத்தால்தான் அவை வேலை செய்துகொண்டிருந்தது தெரியவேண்டும்.

என் முதல் வேலையே அதைச் சோதித்தது. மாரியம்மன் கோயில் திருவிழாவில் முச்சந்தியில் ஒரு சட்டத்தை நிறுத்தி நான்கு மைக் வைத்துப் பதிவு செய்திருந்தேன். மியூனிக்கில் இருந்த ஐஆர்டி என்ற ஒலிபரப்பு ஆய்வு நிறுவனத்தின் பெயரால் ஐஆர்டி கிராஸ் என்று சொல்வார்கள். சதுரத்தின் நான்கு மூலையில் நான்கு மைக், ஒன்றுக்கொன்று சுமார் 25 சென்டிமீட்டர் இடைவெளி, ஒவ்வொன்றும் வெளியே ஒரு திசையைப் பார்க்கும். இரண்டு நாயனம், இரண்டு தவில், சுருதிப்பெட்டி, தாளம். முன்னால் கல்யாணி ஆலாபனை, பின்னால் ஜெனரேட்டர் வண்டி, பக்கத்துச் சந்தில் பலூன்காரரின் ஊதல்.

அறையில் அதை நான்கு ஸ்பீக்கரிலும் விட்டுக் கண்ணை மூடினால், தவில்காரர் பூவரசங் குச்சியால் தொப்பியில் போடும் அடி வலது முன்னால் இருந்து வரவேண்டும். முதல் நாள் அது வலது முன்னாலும் வந்தது, இடது பின் மூலையிலும் குமுறியது. வலந்தலையில் விரல் கூடு படும் நறுக்கு மட்டும் சரியான இடத்தில் கேட்டது. ஸ்பீக்கர் நிற்கும் இடத்தில் பிழையில்லை. அறைதான் குறுக்கே பேசியது.

கணக்குப் போட்டால் காரணம் கிடைத்தது. 12 அடி அகலத்துக்கு முதல் அதிர்வு ஏறக்குறைய 48 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 95க்கு மேல். 18 அடி நீளத்துக்கு முதல் அதிர்வு சுமார் 32, அதன் மும்மடங்கும் அதே 95க்கு மேல். நீளமும் அகலமும் ஒன்றரைக்கு ஒன்று என்ற கணக்கில் இருந்ததால் இரண்டும் ஒரே இடத்தில் கைகோத்துக்கொண்டன. அந்த அலையின் நீளமே 12 அடி. 4 அங்குலப் பஞ்சுப் பலகையை ஒட்டி அதை அடக்க முடியாது.

மேல்சத்தத்துக்கு அந்தப் பலகைகள் போதும். தங்கச்சி முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே போக, நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடியில் எங்கே ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே பட்டுத்தான் ஒலி திரும்பி வருகிறது. அந்த இடங்களில் தென்னை நாரைச் சட்டத்துக்குள் அடைத்து, காடாத்துணி போர்த்தி மாட்டினோம். புயலில் தப்பிய தென்னைகளை நம்பி இங்கே கயிறு மில்கள் இன்னும் ஓடுகின்றன, நாருக்குப் பஞ்சமில்லை. ஐந்து ஸ்பீக்கர் என்பதால் ஸ்டீரியோவைவிட அதிக இடங்களில் மாட்ட வேண்டியிருந்தது. கிணுகிணுப்பு போய்விட்டது. குமுறல் போகவில்லை.

தை பிறந்து சம்பா அறுப்பு முடிந்ததும், கொள்முதல் நிலையத்தில் முறை வரும்வரை வைக்க அப்பா மூட்டைகளைப் பின்சுவர் ஓரம் அடுக்கினார். சொன்ன சொல்லுக்கு நான் இடம் விட்டிருந்தேன். இரண்டு மூலையிலும் தோளுயரத்துக்கு நெல்மூட்டை. அன்று இரவு அதே பதிவைப் போட்டேன். தொப்பியின் அடி வலது முன்னால் ஒரே இடத்தில், சுருக்கமாக விழுந்து நின்றது. இடது மூலை பேசவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நம்ம முக்கு மாதிரியே இருக்குடா. பின்னாடி ஜெனரேட்டர் ஓடுது பாரு" என்றார். மேளம் எங்கே என்று கேட்டதற்குக் கையை நீட்டிக் காட்டினார். கை நேராக வலது முன் ஸ்பீக்கருக்கும் நடு ஸ்பீக்கருக்கும் இடையில் நின்றது.

மாசியில் மூட்டைகள் லாரியேறின. மறுநாளே குமுறல் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகுதான் பின் மூலைகள் இரண்டையும் தரையிலிருந்து கூரைவரை நார் அடைத்த பெட்டிகளால் நிரந்தரமாக மூடினேன். மூலையில் முக்கோணமாக, இரண்டடிக்கு மேல் ஆழம். மூட்டை அளவுக்கு இல்லையென்றாலும் வேலைக்குப் போதுமானது. காசு கொடுத்து வாங்கிய எந்தச் சாமானும் எனக்கு அவ்வளவு சொல்லித்தரவில்லை.

சப்வூஃபருக்கு இடம் பார்க்கும் வழி சுலபம். அதைத் தூக்கி நான் உட்காரும் நாற்காலியில் வைத்து, அடித்தொனிச் சுரங்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேட்டேன். எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கும் இடம்தான் அதற்குரிய இடம். எங்கள் அறையில் அது முன்சுவரில் நடுவிலிருந்து சற்று இடப்பக்கம். இன்னொரு சேதி: 5.1இல் அந்த '.1' தடத்தை இயக்கும்போது மற்றவற்றைவிட 10 டெசிபல் கூட்டி ஒலிக்கவைப்பது முறை. அதைக் கவனிக்காமல் மிக்ஸ் செய்தால் வெளியே போய்க் கேட்கும்போது அடிச்சத்தம் அறையையே ஆட்டும்.

கடைசியாக அளவு. ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் தனித்தனியாகப் பிங்க் நாய்ஸ் விட்டு, காது இருக்கும் இடத்தில் மீட்டர் பிடித்து எல்லாவற்றையும் 78 டெசிபலுக்குக் கொண்டுவந்தேன். இந்த அளவு அறைக்கு அது பொருத்தம். சினிமா மிக்ஸிங்கில் திரைப்பக்க ஸ்பீக்கர்கள் 85, பின்பக்கம் ஒவ்வொன்றும் 82. சாலிகிராமத்துப் பழக்கத்தில் கை 82ஐத் தேடும். இசைக்கு ஐந்தும் சமம். அதோடு ஐந்தும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கவேண்டும். பின்னால் மட்டும்தானே என்று மலிவானதை வாங்கினால், நாயனம் முன்னாலிருந்து பின்னால் போகும்போது குரல் மாறிப்போகும்.

இவ்வளவுக்கும் நான் செலவழித்ததில் பெரும்பங்கு ஸ்பீக்கருக்கு. ஆனால் அறையை மாற்றியது நூலும் சாக்பீஸும் நாரும் கண்ணாடியும்தான். புதிதாக ஸ்டுடியோ வைக்கும் தம்பிகள் இன்னும் பெரிய ஸ்பீக்கர் வாங்கட்டுமா என்று கேட்கும்போதெல்லாம் ஒன்றைத்தான் சொல்கிறேன்: இருப்பதை ஓரடி நகர்த்திப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்னொரு வேண்டுகோள் உண்டு, அது ஸ்டுடியோ இல்லாதவர்களுக்கும்தான். காவிரிப் படுகையில் திருவிழாக் காலம் தொடங்கினால் ஒவ்வொரு தெருவிலும் நாயனமும் தவிலும் கேட்கும். மைக்கைக் கையில் வைத்திருப்பவர்கள் பதிவு செய்யுங்கள். இரண்டு மைக் இருந்தாலும் போதும். பதிவு செய்தவுடன் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எந்த இடத்தில் நின்றீர்கள், மைக்குகளுக்கிடையே எத்தனை அங்குலம், எந்த மைக் எந்தத் திசையைப் பார்த்தது, நாயனம் எந்தப் பக்கம், தவில் எந்தப் பக்கம், சாமி எந்தத் திசையில் நகர்ந்தது. அந்தத் தாள் இல்லாததால், முன்பு நானே எடுத்த சில பதிவுகளை இன்று எந்த ஸ்பீக்கரில் எதை வைப்பது என்று தெரியாமல் ஒதுக்கி வைத்திருக்கிறேன். தாளைப் படம் பிடித்து ஒலிக்கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரில் போட்டுவையுங்கள்.